கை உயர மறுக்கிறதா?

கொட்டாஞ்சேனையில் எங்கள் மாமி ஒருவர் இருக்கிறார். வயது 56. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். தேங்காய் திருவுவதும், உடுப்புத் துவைத்து மொட்டை மாடிக் கொடியில் போடுவதும் இன்றும் தன் கையால்தான் நடக்க வேண்டும் என்பார். "மெஷின் ஒண்டு வாங்கித் தாறோம் உம்மா" என்று பிள்ளைகள் கேட்டால், "அது கழுவுற சீருக்கு நான் திரும்பக் கழுவ வேணும்" என்று வாயை அடைத்துவிடுவார்.

இரண்டு வருடங்களுக்கு முன், நோன்பு மாதத்தில் ஒரு பின்னேரம், வெள்ளவத்தையிலிருந்து அவரைப் பார்க்கப் போயிருந்தேன். அஸருக்கு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். தக்பீர் கட்டும்போது மாமியின் வலது கை தோள்வரை உயர்ந்தது. இடது கை பாதியில் நின்றுவிட்டது. தொழுது முடித்ததும் கேட்டேன்.

"கைக்கு என்ன மாமி?"

"தூக்க ஏலா மகள். தலை வாரவும் ஏலா. ராவைக்கு இந்தப் பக்கம் சரிஞ்சு படுக்கவும் ஏலா."

"எங்கே நோகுது?"

வலது உள்ளங்கையை இடது மேற்கையின் வெளிப்பக்கத்தில், தோளுக்குச் சற்றுக் கீழே வைத்துக் காட்டினார். "இந்தா, இந்த இடத்திலதான். நாலு மாசமா அமத்துறேன். அமத்துற நேரம் சுகமா இருக்கும். பிறகு அதே கதைதான்."

அக்குபிரஷர் வகுப்புக்குப் போய்வந்த ஒரு தெரிந்த பெண் அந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தாராம். நாள்தோறும் அமத்தினால் நரம்பு இளகிவிடும் என்றாராம். அவர் காட்டிய இடம் பிழையில்லை. அதைச் சொன்ன நோக்கமும் நல்லதுதான். ஆனால் அந்த நான்கு மாதம் மாமிக்கு நட்டமாகிவிட்டது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த இடத்தைப் பற்றி.

சகோதரிகளே, இதை வாசித்துக்கொண்டே செய்து பார்க்கலாம். இடது முழங்கையைச் செங்கோணமாக மடியுங்கள். மடிப்பு ரேகை வெளிப்பக்கத்தில் முடியும் இடத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து தோளை நோக்கி, வலது கையின் நான்கு விரல்களையும் சேர்த்துக் குறுக்காக வையுங்கள். அதற்கு மேல் இன்னொரு தடவை நான்கு விரல். அதற்கும் மேல் ஒரு கட்டைவிரல் அகலம். சீன வைத்தியத்தில் கட்டைவிரல் அகலம் ஒரு 'சுன்', சேர்த்து வைத்த நான்கு விரல் மூன்று சுன். ஆக, முழங்கையிலிருந்து ஏழு சுன். அளப்பது அவரவர் விரலாக இருக்க வேண்டும். உங்கள் விரலால் உங்கள் மகளின் கையை அளந்தால் கணக்குப் பிழைக்கும்.

அளந்தது சரியா என்று பார்க்க இன்னொரு வழியும் உண்டு. கையைப் பக்கவாட்டில் மெதுவாக உயர்த்துங்கள். தோளைத் தொப்பி போல மூடியிருக்கும் தசை புடைத்து நிற்கும். அது மேலே அகலமாகத் தொடங்கி, கீழே முக்கோணத்தின் முனைபோல ஒடுங்கி எலும்பில் ஒட்டுகிறது. அந்த முனைக்குச் சற்று முன்பக்கமாக விரலுக்கு ஒரு சிறு பள்ளம் தட்டுப்படும். அமத்தினால் 'ஆ' என்று ஒரு உளைச்சல் தெரியும். அதுதான் இடம். குழந்தையாக இருக்கும்போது போட்ட பீ.சீ.ஜீ. ஊசியின் தழும்பு இடது கையில் இருந்தால், அதுவும் பெரும்பாலும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கும்.

சீனர் இந்தப் புள்ளியை 'பீ நாவ்' என்கிறார்கள். பீ என்றால் கை, நாவ் என்றால் மேற்கையின் தசை. உடம்பில் ஓடுவதாக அவர்கள் சொல்லும் சக்திப் பாதைகளில் பெருங்குடல் பாதை என்று ஒன்று உண்டு. சுட்டுவிரல் நகத்தருகில் தொடங்கி, கையின் வெளிப்பக்கமாக ஏறி, தோள், கழுத்து வழியாக மூக்கின் பக்கத்தில் முடிகிறது. அதில் 20 புள்ளிகள். பீ நாவ் 14ஆவது. "கைக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று மாமி சிரித்தார். அந்தப் பாதை உள்ளே எந்த உறுப்போடு சேர்கிறதாக அவர்கள் கருதினார்களோ, அதன் பெயரை வைத்தார்கள். அவ்வளவுதான். உடம்பை அறுத்துப் பார்த்தால் அப்படி ஒரு குழாயோ நரம்போ அந்தத் தடத்தில் கிடைப்பதில்லை.

3ஆம் நூற்றாண்டில் சீனாவில் ஹுவாங்ஃபூ மீ என்ற அறிஞர் இருந்தார். நடுவயதில் வாத நோயால் அவதிப்பட்டவர். தன் வருத்தத்துக்கு வழி தேடப்போய், அதுவரை சிதறிக் கிடந்த ஊசி வைத்திய அறிவையெல்லாம் திரட்டி, 349 புள்ளிகளை ஒழுங்குபடுத்தி ஒரு நூலாக்கினார். பின்னால் வந்த நூல்கள் எல்லாவற்றுக்கும் அதுவே அடித்தளம். இவ்வழி வந்த மரபில் பீ நாவுக்குச் சொல்லப்படும் பயன்கள் நான்கைந்துதான்: மேற்கை, தோள் வலி; கையை உயர்த்த முடியாமை; கழுத்துப் பிடிப்பு; கழுத்தில் வரும் கட்டிகள்; கண் நோய்கள். 2008இல் உலக சுகாதார நிறுவனத்தின் மேற்குப் பசிபிக் பிராந்திய அலுவலகம் 361 புள்ளிகளின் இடங்களை வரையறுத்து வெளியிட்டபோது இதுவும் அதில் இடம்பெற்றது. அது இடத்துக்கான அளவுகோல் மட்டுமே. இன்ன புள்ளியால் இன்ன நோய் தீரும் என்ற சான்றிதழ் அல்ல. சில விளம்பரங்களில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

நம் பக்கத்து வைத்தியங்களும் கையின் நுட்பமான இடங்களை அறிந்திருந்தன. சுசுருதர் சொன்ன 107 வர்ம இடங்களில் கைக்குப் பதினொன்று, காலுக்குப் பதினொன்று என்று கணக்கு. ஆனால் அது வேறு வகையான அறிவு. 'இங்கே அடிபடக் கூடாது, வெட்டுப்படக் கூடாது' என்பதற்காக முதலில் சொல்லப்பட்டது அது. யூனானியில் 'தல்க்' என்று தேய்த்தலுக்குத் தனிப் பெயரே உண்டு. வன்மையாகத் தேய்ப்பது, மென்மையாகத் தேய்ப்பது, நீண்ட நேரம் தேய்ப்பது என்று இப்னு ஸீனா பிரித்து எழுதியிருக்கிறார். எங்கள் உம்மும்மா நல்லெண்ணெய் சூடாக்கிக் கையில் தேய்த்துவிட்டபோது இதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்காது. கைக்குத் தெரிந்திருந்தது.

கொழும்புக்காரருக்கு அக்குபங்சர் ஒன்றும் புதிதல்ல. காலி வீதியால் தெகிவளைக்குப் போய் உள்ளே திரும்பினால் களுபோவில ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் அன்ரன் ஜயசூரிய 1970களிலிருந்து பல வருடங்கள் அக்குபங்சர் சிகிச்சை அளித்தார். அவர் ஆங்கில வைத்தியம் படித்தவர். சீனா சென்று இதைப் பயின்று வந்தவர். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் ஏழைகளும் போனார்கள். அவரிடம் படிப்பதற்கென்றே வெளிநாடுகளிலிருந்து வைத்தியர்கள் வந்தார்கள். 2005இல் அவர் காலமானார். ஊசி குத்தப் பயந்தவர்கள் விரலால் அமத்தும் முறைக்குத் திரும்பினார்கள். அதற்கு அறையும் வேண்டாம், கருவியும் வேண்டாம் என்பதால் வீடு வீடாகப் பரவிற்று.

நம் பெண்களுக்கு அதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. தோளைத் திறந்து இன்னொருவரிடம் காட்ட வேண்டியதில்லை. சட்டைக் கைக்கு மேலேயே, தன் கையாலேயே அமத்திக்கொள்ளலாம்.

எப்படி அமத்துவது? கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, நோகும் கையை மடியில் தளர விடுங்கள். மறு கையின் நடு மூன்று விரல்களை, அல்லது கட்டைவிரலை, அந்தப் பள்ளத்தில் வையுங்கள். மெல்ல மெல்ல அழுத்தம் கூட்டுங்கள். உளைய வேண்டும், ஆனால் முகம் சுளிக்கும் அளவுக்குப் போகக் கூடாது. விரலை எடுக்காமலே சிறு வட்டமாக ஒன்று அல்லது இரண்டு நிமிடம் அசையுங்கள். நாளைக்கு இரண்டு மூன்று தடவை போதும். அதற்கு முன் வெந்நீரில் பிழிந்த துவாயைத் தோளில் போட்டுக்கொண்டால் இன்னும் இதம். அகப்பைக் காம்பு, பென்சில் முனை என்று கையில் அகப்பட்டதால் குத்தாதீர்கள். அந்த இடத்துக்குப் பின்புறமாக, எலும்பை ஒட்டி, மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் நரம்பு ஓடுகிறது. அதை நெடுநேரம் நசுக்கினால் கை விறைத்து, மணிக்கட்டுத் தொய்ந்துபோகக் கூடும்.

மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையில் கக்கத்துக் கழலைகள் எடுக்கப்பட்டிருந்தால் அந்தப் பக்கக் கையில் இது வேண்டாம். சிறுநீரக வருத்தத்துக்கு இரத்தம் சுத்திகரிக்கக் கையில் வழி செய்திருப்பவர்கள் அந்தக் கையைத் தொடவே கூடாது. குடும்பக் கட்டுப்பாட்டுக் குச்சி வைத்திருப்பவர்களுக்கு அது மேற்கையின் உட்பக்கத்தில் இருக்கும். அங்கே கை வைக்காமல் வெளிப்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து குடிப்பவர்களுக்கு எளிதில் கன்றிப்போகும். பீ நாவ் கர்ப்பிணிகளுக்கு விலக்கப்பட்டதாக மரபில் இல்லை. ஆனால் அதோடு சேர்த்து அமத்தச் சொல்லும், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட புள்ளியை அவர்களுக்குச் சீனரே விலக்கி வைத்திருக்கிறார்கள்.

காட்டும் இடம் வேறு, கோளாறு வேறு

இனி மாமியின் கதைக்கு வருகிறேன்.

தோள் மூட்டில் கோளாறு உள்ளவர்களிடம் எங்கே வலி என்று கேட்டுப் பாருங்கள். அனேகர் மூட்டைத் தொட்டுக் காட்ட மாட்டார்கள். மாமியைப் போலவே மேற்கையின் வெளிப்பக்கத்தைத்தான் தடவிக் காட்டுவார்கள். தோள் மூட்டுக்கும் மேற்கையின் அந்தத் தோலுக்கும் உணர்ச்சி போவது கழுத்தெலும்பிலிருந்து புறப்படும் ஒரே நரம்பு வேரால். ஆகவே மேலே மூட்டில் பிறக்கும் வலி கீழே வந்து கதவைத் தட்டுகிறது. பழைய சீன வைத்தியர்கள் நோயாளிகள் கை வைத்துக் காட்டிய இடத்தைக் கவனித்துத்தான் இப்புள்ளியைக் கண்டிருப்பார்கள் என்பது என் எண்ணம். அங்கே அமத்தும்போது தசை தளர்கிறது, வலி சற்று மறக்கிறது. அது பொய்யல்ல. ஆனால் கோளாறு மேலே இருக்கிறது.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன? தோள் வலிக்கு அக்குபங்சர் பற்றிய 9 ஆய்வுகளை 2005இல் கொக்ரேன் அமைப்பு சேர்த்துப் பார்த்து, உதவும் என்றோ உதவாது என்றோ சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. 2010இல் வெளிவந்த ஒரு ஜேர்மனிய ஆய்வில், நாட்பட்ட தோள் வலியுள்ள 424 பேரில் முறையாக ஊசி பெற்றவர்களுக்கு மற்றவர்களைவிட வலி கூடுதலாகக் குறைந்தது. இரண்டுமே ஊசியைப் பற்றியவை. விரலுக்கு அந்த அளவு சான்றும் கிடையாது.

மாமியை வலுக்கட்டாயமாக வைத்தியரிடம் கூட்டிப்போனோம். அவர் செய்த சோதனையை வீட்டிலேயே யாரும் செய்யலாம். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, செங்கோணமாக மடித்து, உள்ளங்கையை வெளிப்புறமாகத் திருப்பச் சொன்னார். மாமியின் வலது கை கதவு போலத் திறந்தது. இடது கை அசையவில்லை. வைத்தியர் தானே பிடித்துத் திருப்பிப் பார்த்தும் அசையவில்லை. "ஃப்ரோஸன் ஷோல்டர்" என்றார். மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்துச் சுருங்கி இறுகிவிடுவது. பொஸ்டன் நகரச் சத்திரசிகிச்சை நிபுணர் கொட்மன் 1934இல் வைத்த பெயர் அது. சீனத்திலும் ஜப்பானிலும் இதை 'ஐம்பது வயதுத் தோள்' என்பார்கள். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில், ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதலாக வருகிறது. முதலில் வலி, பிறகு இறுக்கம், பிறகு மெல்ல மெல்ல இளக்கம். ஒன்றிலிருந்து மூன்று வருடம் வரை இழுக்கும்.

அடுத்து வைத்தியர் கேட்டதுதான் எங்களைத் திடுக்கிட வைத்தது. "சீனி பார்த்திருக்கிறீர்களா?" மாமி பார்த்ததே இல்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு தனக்காக ஒரு இரத்தப் பரிசோதனை செய்ததாக நினைவில்லை என்றார். வெறும் வயிற்றில் 126க்கு மேல் இருந்தால் நீரிழிவு என்று கொள்வார்கள். மாமிக்கு 190ஐத் தாண்டியிருந்தது. நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் இறுகுவது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். சில பெண்களுக்கு உள்ளே சீனி இருப்பதைத் தோள்தான் முதலில் காட்டிக்கொடுக்கிறது. நான்கு மாதம் நாங்கள் அமத்திக்கொண்டிருந்தது அந்தச் செய்தியைத்தான்.

பழைய நூல்கள் சொல்லும் இன்னொரு பயனையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டியிருக்கிறது. கழுத்துக் கட்டிகளுக்கு பீ நாவ் நல்லது என்று சொன்னார்கள் அல்லவா? கழுத்தில் மணி மணியாக வீங்கி, பழுத்து உடையும் அந்த வருத்தத்தை நம் முன்னோர் கண்டமாலை என்றார்கள். அதில் பெரும்பகுதி நெறிக்கட்டிகளில் வரும் காசநோய். அந்தக் கிருமியை ரொபர்ட் கொக் 1882இல்தான் கண்டுபிடித்தார். அதற்கு முன் உலகில் எவரிடமும் மருந்து இருக்கவில்லை. எனவே புள்ளியை அமத்தியவர்களைக் குறை சொல்ல முடியாது. காசநோயைத் தடுக்க 1921இல் முதன்முதல் கொடுக்கப்பட்ட பீ.சீ.ஜீ.யைப் பிற்காலத்தில் கைக்குழந்தைகளுக்கு ஏறக்குறைய அதே இடத்தில் குத்தத் தொடங்கினார்கள் என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம். ஊசிக்கு வசதியான இடம் என்பது தவிர அதில் வேறு மர்மம் இல்லை. ஆனால் இன்று மகளின் கழுத்தில் இரண்டு மூன்று வாரமாகக் குறையாத ஒரு கட்டி இருந்தால், கையை அமத்திக்கொண்டிருக்க வேண்டாம். காசநோயானால் பெரும்பாலும் ஆறு மாத மருந்தில் குணமாகிவிடும். இலங்கையில் அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் அது இலவசம். கலியாணம் பேசும் வயதில் 'டீ.பீ.' என்ற சொல் வெளியே வரக் கூடாது என்று மறைக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. மறைக்க மறைக்கக் கட்டிதான் வளரும். கண் மங்கினாலும் இதே பேச்சுத்தான். கண் வைத்தியரிடம் போங்கள்.

இடது கை வலி என்றவுடன் இதயத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தோள் வலி கையை அசைத்தால் கூடும், அசைக்காவிட்டால் பெரும்பாலும் குறையும். மாரடைப்பு வலி அப்படியல்ல. கையை எப்படி வைத்தாலும் ஒன்றுதான். நெஞ்சு இறுகுவது, வியர்ப்பது, மூச்சு முட்டுவது, வயிற்றைப் பிரட்டுவது, தாடை உளைவது என்று கூடவே ஏதாவது வரும். பெண்களுக்குச் சில நேரம் நெஞ்சு நோகாமலே களைப்பும் குமட்டலுமாக வந்துவிடும். நாமோ 'காஸ்' என்று இஞ்சிப் பிளேன்டீ குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறோம். அந்த நேரத்தில் எந்தப் புள்ளியையும் தேடாதீர்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். 2016இல் தொடங்கிய இலவச சேவை அது. மகன் வேலையால் வரட்டும், வாகனம் பிடிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

மாமிக்கு வைத்தியர் மருந்தோடு இரண்டு பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்தார். ஒன்று, நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, நோகும் கையை வாளித் தண்ணீருக்குள் விட்டதுபோலத் தொங்கவிட்டு, சிறு வட்டமாக ஆட்டுவது. மற்றது, சுவரைப் பார்த்து நின்று, விரல்களைச் சிலந்தி போல மேலே ஏற்றுவது. நேற்று எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு இன்று அதற்குமேல் ஒரு விரல் ஏற வேண்டும். மூட்டுக்குள் போடும் ஊசியும் உண்டென்றார். ஆனால் அதைப் போட்டால் சில நாளைக்குச் சீனி ஏறும், முதலில் சீனி இறங்கட்டும் என்றுவிட்டார். இந்தப் பயிற்சிகளுக்கு முன் மேற்கையை அமத்திக்கொள்ளலாமா என்று மாமி கேட்டார். "தாராளமாக, நல்லதுதான்" என்றார். மாமிக்கு அப்போதுதான் முகத்தில் வெளிச்சம் வந்தது.

கொட்டாஞ்சேனை வீட்டின் குசினிச் சுவரில் இன்றைக்கும் அந்தப் பென்சில் கோடுகள் ஏணி போல இருக்கின்றன. பெயின்ட் அடிக்க வந்தவரை அந்தச் சுவரைத் தொட விடவில்லை. போன மாதம் போயிருந்தபோது தக்பீருக்கு இரண்டு கையும் தோள்வரை போயின, இடது கை சற்றுப் பிந்தி. மொட்டை மாடியில் உடுப்பும் காய்ந்தது, கையால் துவைத்ததுதான். கொடியை மட்டும் ஓரடி பதித்துக் கட்டியிருந்தார்.